வீட்டிலிருந்து வேலை: நம் குடும்பங்களும் வேலைத்தலமும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நல அமர்வில், மக்ரிப் தொழுகைக்குப் பின் நிகழ்த்திய உரை)





இந்த மாதம் "வீட்டிலிருந்து வேலை" பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியதும், "இந்த ஊருக்கு எதற்கு இது, பழைய மகாபலிபுரம் சாலையில் போய்ப் பேசுங்கள்" என்று சிலர் சொன்னார்கள். நியாயமான கேள்விதான். இருங்காட்டுக்கோட்டையில் ஓடும் காருக்கு வீட்டில் உட்கார்ந்து கதவு மாட்ட முடியாது. ஒரகடத்தில் லாரிக்கு அச்சு பொருத்துகிறவர் அச்சு இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஸுப்ஹு முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. இது கையால் வேலை செய்கிற மண்.

ஆனாலும் நம் உதவித்தொகைக்கும் வேலை வழிகாட்டுதலுக்கும் வருகிற குடும்பங்களோடு பேசும்போது இந்த விஷயம் அடிக்கடி முன்னால் வந்து நிற்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் லைனில் நிற்கிறார், தம்பி வடிவமைப்புப் பிரிவில் லேப்டாப்போடு வாரம் 3 நாள் வீட்டில் இருக்கிறார். பெண் பி.காம். முடித்திருக்கிறாள், "வேலைக்கு அனுப்புவோம், ஆனால் வீட்டிலிருந்தே செய்கிற வேலையாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று தகப்பனார் கேட்கிறார். வேலைத்தலம் என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கேள்வி நம் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் 2020ஐ நினைவுபடுத்திக்கொள்வோம். மார்ச் 24 இரவு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவித்தார்கள். மறுநாள் இந்தச் சாலையில் ஒரு பஸ் இல்லை. அந்த ஆண்டு ரமலான் முழுவதும் பள்ளிவாசல் மூடியே இருந்தது, தராவீஹ் வீட்டில்தான். நோன்பு நடுவிலேயே, மே 8ஆம் தேதி, ஹூண்டாய் ஆலையில் மீண்டும் உற்பத்தி தொடங்கியது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் திறந்தன. அப்போதுதான் தொழிற்சாலைக்குள் ஒரு கோடு விழுந்தது. கணக்கு, கொள்முதல், மனிதவளம், வடிவமைப்பு ஆகியவற்றில் இருந்தவர்கள் வீட்டில் இருந்தபடி வேலை செய்யலாம் என்றார்கள். லைனில் இருப்பவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

அதில் அநியாயம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வேலையின் தன்மை அப்படி. ஆனால் அதனால் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். இந்தப் பகுதியில் உள்ள ஜப்பானிய, கொரிய கம்பெனிகளில் பலவற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலாளரும் ட்ரெய்னியும் ஒரே நிறச் சட்டை, ஒரே கேண்டீன், ஒரே வரிசை, ஒரே சாம்பார். ஜப்பானியர் "கெம்பா" என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். வேலை நடக்கிற இடம் என்று பொருள். கோளாறு வந்தால் அறையில் உட்கார்ந்து அறிக்கை கேட்காதே, கெம்பாவுக்குப் போய் நின்று பார் என்பது அவர்களுடைய பாடம். நம் பிள்ளைகளில் டொயோட்டா முறையைப் படித்தவர்களுக்கு இது மனப்பாடமாகத் தெரியும்.

அந்தப் பாடத்துக்கு வீட்டிலிருந்து வேலை என்பது நேர் எதிர். ஒரு பாகம் சரியாக உட்காரவில்லை என்றால் முன்பு வடிவமைப்பு இன்ஜினீயர் மாடியிலிருந்து இறங்கி வருவார். லைனில் நிற்கிறவர் விரலால் தொட்டுக் காட்டுவார்: "சார், இந்த இடத்தில் பிசிறு இருக்கிறது, கையுறையில் மாட்டுகிறது." இரண்டு நிமிடத்தில் விஷயம் முடியும். வீட்டில் இருப்பவருக்குப் புகைப்படம் போகிறது, பிறகு மின்னஞ்சல், பிறகு மீட்டிங். பிசிறு புகைப்படத்தில் தெரியாது. இதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று. விரலால் தொட்டுக் காட்டிய அந்தத் தொழிலாளியின் பெயர் அந்த இன்ஜினீயருக்குத் தெரியாமல் போகிறது. அடுத்த ஆண்டு பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது பெயர் தெரியாதவருக்காகப் பேச யார் இருப்பார்கள்?

2021 மே மாதம் அந்தக் கோடு இன்னும் ஆழமானது. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. சமூக இடைவெளி கடைப்பிடிக்க முடியாத வேகத்தில் லைன் ஓடுகிறது என்று ஒரகடம் ரெனோ நிஸான் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மே 24ஆம் தேதி ஹூண்டாய் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிட்டார்கள். 25 முதல் 29 வரை ஆலையை மூடினார்கள். யார் பக்கம் எவ்வளவு சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. அந்த நாட்களில் நம் மக்களிடம் கேட்டபோது திரும்பத் திரும்ப வந்த ஒரு பேச்சைத்தான் சொல்ல விரும்புகிறோம். "முடிவு எடுக்கிறவங்க வீட்டுல இருக்காங்க, மூச்சு விடுறவங்க உள்ள இருக்கோம்." கோபத்தில் சொன்னதாக இருக்கலாம். ஆனால் ஒரே கேண்டீன் வரிசையில் நின்ற காலத்தில் இந்த வாக்கியம் யார் வாயிலும் வந்திருக்காது.

இது ஒரு பக்கம். இனி இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம்.

வீட்டிலிருந்து வேலை கொரோனாவோடு வந்த புதுச் சரக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். நம் சமுதாயத்துக்கு அது பாட்டி காலத்து விஷயம். மேலப்பாளையத்தில் உறவினர் இருப்பவர்கள் கை தூக்குங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டிலிருந்து பெண் எடுத்தவர்கள்? அந்த வீடுகளில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றாத, ஷூவின் மேல்தோலை ஊசியால் தைக்காத பெண்கள் எத்தனை பேர்? பர்தாவோடு, பிள்ளையைத் தூளியில் போட்டுக்கொண்டு, அடுப்பையும் பார்த்துக்கொண்டு இரண்டு மூன்று தலைமுறைப் பெண்கள் வீட்டிலிருந்தே சம்பாதித்தார்கள். அந்தக் காசில் படித்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச மாட்டோம்.

ஆனால் அந்த வேலையின் கணக்கையும் பாருங்கள். இடம் அவளுடையது, விளக்கு அவளுடையது. கண்ணும் முதுகும் அவளுடையவை. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு, ஜோடிக்கு இவ்வளவு. கொண்டுபோய்க் கொடுத்தால் "இது சரியில்லை" என்று தரகர் ஒரு பங்கை ஒதுக்குவார். ஒதுக்கியது நியாயமா என்று கேட்கப் பக்கத்தில் இன்னொரு தொழிலாளி இல்லை. அடுத்த தெருக்காரிக்கு என்ன கூலி என்று தெரியாது. வேலைத்தலம் என்று ஒன்று இல்லாவிட்டால் கூலிக்கு ஒப்பீடு கிடையாது. வீட்டு வேலையில் முதலில் காணாமல் போவது இதுதான்.

பீடிப் பெண்களுக்குச் சட்டம் ஓரளவு துணை நின்றது. 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவர்களையும் தொழிலாளி என்றே ஏற்றுக்கொண்டது. வருங்கால வைப்பு நிதி அவர்களுக்கும் உண்டா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985இல் உண்டு என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பில் ஓர் அருமையான வாதம் இருக்கிறது. முதலாளிகள், "வீட்டில் செய்கிறார்கள், நாங்கள் மேற்பார்வை செய்வதில்லை, ஆகவே அவர்கள் எங்கள் தொழிலாளிகள் அல்ல" என்றார்கள். தரமில்லாத பீடியைக் கழித்துத் தள்ளுகிற அதிகாரம் உன்னிடம் இருக்கிறதே, அதுவே மேற்பார்வைதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ மேல்தோல் தைத்த பெண்களுக்கு இப்படித் தனிச் சட்டம் ஒன்றும் வரவில்லை. ஒரே மாதிரி உழைப்பு. ஒருத்திக்கு அடையாள அட்டை, மற்றவளுக்கு ஒன்றுமில்லை. வீட்டு வேலைக்காரர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை.

லேப்டாப்பில் வேலை செய்கிற பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு, "நாங்கள் பீடி சுற்றவில்லையே" என்று நினைக்கலாம். கொஞ்சம் யோசியுங்கள் தம்பி. மின்சாரம் யாருடையது? நாற்காலி யாருடையது? பக்கத்து மேசைக்காரருக்கு எவ்வளவு சம்பளம் என்று கடைசியாக எப்போது தெரிந்தது? மாதக் கடைசியில் உங்கள் வேலையைக் கணினி எண்ணுகிறது. எண்ணியது சரியா என்று யாரிடம் கேட்டீர்கள்?

இந்த முறையில் உள்ள நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை. போக்குவரத்துக்கு ஒரு நாளில் 3 மணி நேரம் செலவழித்தவருக்கு அந்த நேரம் கிடைக்கிறது. வயதான தகப்பனாருக்கு மருந்து கொடுக்க முடிகிறது. ஜும்ஆவுக்கு யாரிடமும் தலை சொறிந்துகொண்டு அனுமதி கேட்க வேண்டாம். உடல் ஊனமுற்ற சகோதரர்களுக்குப் படி ஏறாத வேலை கிடைக்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இது பெரிய துணை. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது விடுமுறையை 26 வாரமாக உயர்த்தினார்கள். அதோடு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், விடுமுறை முடிந்த பிறகும் இரு தரப்பும் ஒத்துக்கொள்கிற நிபந்தனையில் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும் சேர்த்தார்கள். 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதே திருத்தம்தான். நம் பெண்களில் பலருக்கு இது தெரியாது. பிள்ளை பிறந்ததும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எழுத்தில் கேளுங்கள்.

ஆராய்ச்சி செய்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதையும் கொஞ்சம் சொல்கிறோம். சீனாவில் ஷாங்காய் நகரத்தில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் தொலைபேசி வேலை செய்பவர்களை வைத்து 2010 கடைசியில் ஒரு சோதனை நடத்தினார்கள். விருப்பம் தெரிவித்தவர்களைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வாரம் 4 நாள் வீடு, மற்றவர்களுக்கு அலுவலகம். 9 மாதம் நடந்தது. வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். இத்தனைக்கும் பிறகு, அதே அளவு நன்றாக வேலை செய்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தால், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவு. கண்ணில் படாதவர் மனதிலும் படுவதில்லை. சோதனை முடிந்து, இனி உங்கள் விருப்பம் என்றபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் மனதை மாற்றிக்கொண்டார்கள். தனிமைதான் பெரிய காரணம்.

அந்தச் சோதனையில் சேர ஒரு நிபந்தனை இருந்தது: வீட்டில் தனி அறை இருக்க வேண்டும். நம் வீடுகளில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது?

அதே நிறுவனம் பத்து வருடம் கழித்து 1,612 பேரை வைத்து இன்னொரு சோதனை செய்தது. இந்தத் தடவை 5 நாளில் 2 நாள் மட்டும் வீடு. 2024இல் முடிவு வெளியானது. வேலையை விடுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், பதவி உயர்வில் வித்தியாசம் இல்லை. முழுவதும் வீடு என்பதற்கும், பாதி வீடு பாதி அலுவலகம் என்பதற்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் ஊழியர்கள் 61,182 பேரின் தொடர்புகளை 2020இன் முதல் 6 மாதத்துக்கு ஆராய்ந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவரும் தன் சின்னக் குழுவுக்குள் சுருங்கிக்கொண்டார்கள், மற்றப் பிரிவினரோடு பேச்சு குறைந்தது என்று கண்டார்கள். டிசிஎஸ் போன்ற பெரிய கம்பெனி 2023 அக்டோபரில் எல்லோரும் 5 நாளும் வாருங்கள் என்று திரும்பக் கூப்பிட்டதற்கு இதெல்லாம் ஒரு காரணம். கட்டடத்துக்குச் செலவழித்த பணமும் ஒரு காரணமாக இருக்கலாம், அதை நாம் சொல்ல வேண்டாம்.

புதிதாகப் படித்து முடித்த பிள்ளைகளுக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். வேலையில் பாதி புத்தகத்தில் இல்லை. வாடிக்கையாளர் கோபமாகப் பேசினால் சீனியர் என்ன குரலில் பதில் சொல்கிறார், தப்பு நடந்தால் அதை மேலே எப்படிச் சொல்கிறார், எப்போது வாயை மூடிக்கொள்கிறார் என்பதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கற்றுக்கொள்ள முடியும். அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஐ.டி.ஐ. சான்றிதழோடு உள்ளே போன பையனை மெஷின்காரனாக்குவது பக்கத்தில் நிற்கிற அண்ணன்தான்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். மாமியார்மார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மகன் வீட்டிலிருந்து வேலை செய்தால் கதவு சாத்தியிருக்கும். "ஷ்ஷ், மாமா மீட்டிங்கில் இருக்கிறார்" என்று குழந்தைகளை அடக்குவோம். 11 மணிக்கு டீ உள்ளே போகும். மகளோ மருமகளோ அதே வேலையை அதே வீட்டில் செய்தால், "வீட்டில்தானே இருக்கிறாய், அந்தக் குக்கரைப் பார்த்துக்கொள்" என்போம். அந்த 11 மணி டீயைப் போடுவதும் அவள்தான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் காதில் மாட்டியிருக்கும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு அவள்தான் எழுந்து வர வேண்டும். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு விட்டுப்போன வேலையை முடிப்பாள். ஆண்டுக் கடைசியில் அவளுக்கு மதிப்பெண் குறைகிறது. "பெண்களுக்கு வேலையில் அக்கறை இல்லை" என்று அங்கே ஒருவர் எழுதுவார். அந்த மதிப்பெண்ணில் நம் குக்கருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

நம் உதவித்தொகை நேர்காணலில் பெற்றோரிடம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: படிப்பு முடித்த பின் என்ன செய்வாள்? சில வருடங்களாகப் பதில் மாறிவருகிறது. முன்பு "கல்யாணம்" என்பார்கள். இப்போது "வீட்டிலிருந்து ஏதாவது வேலை" என்கிறார்கள். இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. பாதுகாப்பு, மரியாதை, இரவு ஷிப்ட், பஸ் நிற்கும் இடத்தில் விளக்கில்லாத சாலை என்று தகப்பனார்களுக்கு இருக்கிற கவலைகள் உண்மையானவை. ஆனால் வேலை வேண்டும், வீட்டை விட்டு ஒரு அடி வெளியே வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டால், சந்தையில் அந்தப் பெண்ணுக்கு மிஞ்சுவது எது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல கம்பெனிகள் முதல் இரண்டு வருடம் அலுவலகத்துக்கு வரச் சொல்கின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வருகிற "டேட்டா என்ட்ரி" வேலை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பணம் இழந்தவர்கள் நம்மிடம் வருகிறார்கள். முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். ஒப்பந்தம் என்று ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். ஆதார், பான் படம் அனுப்பச் சொல்வார்கள். பத்து நாள் இரவு பகலாகத் தட்டச்சு செய்து அனுப்பினால், பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று "வக்கீல் நோட்டீஸ்" வரும். வழக்குப் போடாமல் இருக்க இவ்வளவு கட்டுங்கள் என்பார்கள். வீட்டில் சொல்லப் பயந்து நகையை அடகு வைத்துக் கட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். இன்னொரு வகை, டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு. முதலில் 150, 200 உண்மையாகவே வரும். பிறகு பெரிய "டாஸ்க்" என்று நம் பணத்தைப் போடச் சொல்வார்கள், போட்டது திரும்பாது.

வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார். கேட்டால் அது வேலை அல்ல. அந்த "நோட்டீஸ்" வந்தால் பயந்து பணம் கட்டாதீர்கள், அறக்கட்டளை அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள், இரகசியம் காப்போம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வழி உண்டு. பெண் பிள்ளையைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். திட்டாமலே இருந்தால் இன்னும் நல்லது, அடுத்த தடவை முதலிலேயே நம்மிடம் சொல்வாள்.

உண்மையான வேலைதானா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வேலை நியமனக் கடிதத்தில் கம்பெனியின் முகவரி, சம்பளப் பிரிவு, வேலை நேரம் இருக்கிறதா? வைப்பு நிதிக்கான 12 இலக்க எண் கொடுத்திருக்கிறார்களா? மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? இதெல்லாம் இல்லாமல் "நீங்கள் எங்கள் பங்குதாரர்" என்று தேன் தடவிப் பேசினால், 1985க்கு முந்தைய பீடி முதலாளியின் பேச்சு அது.

வேலை வீட்டுக்கு வருவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் பகுதியில் வீடு வேலைக்குப் போவதும் நடக்கிறது. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கானில் வேலை செய்யும் பெண்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். தூரத்து மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள் ஒரே கட்டடத்தில் தூங்கி, ஒரே பஸ்ஸில் போய், ஒரே லைனில் நிற்கிறார்கள். அதற்கு முன், 2021 டிசம்பரில், வெளியில் இருந்த விடுதி ஒன்றில் கெட்ட உணவால் பெண்களுக்கு உடல்நலம் கெட்டபோது, பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது அந்தப் பெண்கள்தான். ஊரே பார்த்தது. பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் பந்தலில் இருந்ததையும் பார்த்தோம். மறியலும் வேலைநிறுத்தமும் நல்லதா என்பதில் இந்த மண்டபத்திலேயே இரண்டு கருத்து இருக்கும். ஆனால் சேர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒருவர் தட்டில் என்ன விழுகிறது என்று மற்றவருக்குத் தெரிகிறது. தனி அறையில் லேப்டாப்போடு இருப்பவரின் தட்டில் என்ன விழுகிறது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கும் தொலைவில் உள்ள அலுவலகத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இடம் இருக்க முடியும் என்று நாங்கள் நினைக்கிறோம். ஸோஹோ நிறுவனம் 2011லேயே தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டது. சென்னைக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்கள், சைக்கிளில் போகிற தூரத்தில் இருந்த அலுவலகத்துக்குப் பெண்களை அனுப்பலாம் என்று ஆனது. கம்பெனி அளவுக்கு நம்மால் முடியாது. ஒரு அறை அளவுக்கு முடியும்.

மண்டபத்தின் மாடியில் தையல் வகுப்பு நடந்த இரண்டு அறைகளைப் பார்த்திருப்பீர்கள். பின்பக்கப் படி வழியாகத் தனி வாசல் உள்ள அறை பெண்களுக்கு, முன் அறை ஆண்களுக்கு. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 6 வரை. மேசை, நாற்காலி, இணையம், இன்வெர்ட்டர். வீட்டிலிருந்து வேலை செய்கிற பிள்ளைகள் அங்கே வந்து செய்யலாம். ஒவ்வொருவரும் வெவ்வேறு கம்பெனியாக இருக்கட்டும். மதியம் ஒன்றாகச் சாப்பிடுவார்கள், யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று பேசுவார்கள். கைக்குழந்தை உள்ள பெண்களுக்குத் தூளி கட்ட ஒரு கொக்கி போடச் சொல்லியிருக்கிறோம். கம்பெனியின் ரகசிய விஷயம் பேசுகிறவர்கள் அவர்கள் கம்பெனி அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அது அமானத்.

ஞாயிற்றுக்கிழமை காலை லைனில் 10 வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ள சகோதரர்கள் இரண்டு பேர் முன் அறையில் இருப்பார்கள். இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைகளை அனுப்புங்கள். பாகத்தை மேசையில் வைத்து, பிசிறு எங்கே வரும் என்று தொட்டுக் காட்டுவார்கள். சகோதரிகளில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்பவர்கள் முன்வந்தால் பெண்கள் அறையிலும் அதே மாதிரி நடத்தலாம்.

முதல் 3 மாதம் கட்டணம் இல்லை. பிறகு இணையத்துக்கும் மின்சாரத்துக்கும் ஆகிற செலவை வருகிறவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். முடியாதவர்கள் சொன்னால் போதும், காரணம் கேட்க மாட்டோம். இப்போதைக்குப் பெண்கள் அறையில் 8 இடம், ஆண்கள் அறையில் 6 இடம். பெண்கள் பெயர் கொடுக்க நம் பெண்கள் குழுவினர் பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு இருக்கிறார்கள். ஆண்கள் நாளை அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். பழைய மேசை மின்விசிறி யார் வீட்டிலாவது சும்மா இருந்தால் கொடுத்தனுப்புங்கள், இரண்டு தேவைப்படுகிறது.

வஸ்ஸலாம்.